ஐந்தாவது பையன் சொன்ன பதில்

1862 ஆகஸ்ட் 17. ஞானஸ்நானம் பெற்றவர்கள், நான்கு பேர்.
1862 நவம்பர் 3. மூத்த மகன் ஐசக்குக்காகக் கட்டியது, ஐந்நூறு டாலர்.
அதே நாள். இளைய மகன் லேவிக்காகக் கொண்டுபோனது, ஐந்நூறு டாலர். வாங்கவில்லை.
1862 நவம்பர் 10. விதவை மகன் நோவாவுக்காகக் கட்டியது, ஐந்நூறு டாலர்.

இந்தக் கணக்கை எழுதிவைத்த ஜோனாஸ் வாம்ப்ளர் ஷெனந்தோவா பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி நூற்று நாற்பது ஏக்கரில் கோதுமை விளைவித்தவர். டங்கர் என்ற கிறிஸ்தவ சபையில் இருபத்திரண்டு ஆண்டுகள் டீக்கன். எங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்தவன் தானாகக் கேட்க வேண்டும்; ஓடும் ஆற்றில் மண்டியிட்டு மூன்று முறை முகம் குப்புற முங்க வேண்டும். அதன்பின் அவன் ஆயுதம் தொடக் கூடாது. கேட்டு வருபவனிடம் ஏன் கேட்கிறாய் என்று விசாரிப்பது டீக்கனின் வேலை.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டாம் கோடையில் ஐந்து பையன்கள் கேட்டு வந்தார்கள். தெற்கு அரசு பதினெட்டு வயது நிரம்பியவர்களைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். நால்வர் வேதம் ஒப்பிப்பதுபோல் அழகாகப் பதில் சொன்னார்கள். ஐந்தாவதாக நின்றவன் ஜோனாஸின் இளைய மகன் லேவி. பத்தொன்பது வயது.

"பாதி தேவனுக்காகப்பா. பாதி பயம். பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்களோன்னு."

நால்வரில் ஒருவனாகப் பக்கத்தில் நின்ற விதவை மகன் நோவா முழங்கையால் இடித்தான். "அடேய், ஒரு பாதிய முழுங்கிட்டு இன்னொரு பாதியச் சொல்ல வேண்டியதுதானே!"

ஜோனாஸ் சிரிக்கவில்லை. "மழைக்கு ஒதுங்குற கொட்டகை இல்லடா இது. வசந்தத்துல பாப்போம். குளிர்காலம் போய் ஆத்துத் தண்ணியும் மறுபடி வெதுவெதுப்பாகட்டும், உன் மனசும் முழுசாகட்டும்."

"சரிப்பா."

டீக்கன் தன் மகனுக்கு மட்டும் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதும் அவர் மனதில் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி ஹன்னா ரொட்டியை வெட்டியபடியே கேட்டாள்:

"மத்த நாலு பேரும் பயமே இல்லாம வந்தாங்களாக்கும்?"

"அவங்க சொன்னதத்தானே நான் கேக்க முடியும்?"

"சொல்லத் தெரிஞ்சவன் கரையேறிட்டான். உள்ளதச் சொன்னவன் மாட்டிக்கிட்டான். நல்லா விசாரிச்சீங்க, போங்க."

அக்டோபர் 11 அன்று சட்டம் வந்தது. அந்தத் தேதியில் ஏற்கெனவே சபை உறுப்பினராக இருப்பவன் ஐந்நூறு டாலர் கட்டினால் வீட்டிலேயே இருக்கலாம். பிறகு சேர்ந்தவனுக்கு அது பொருந்தாது.

ஜோனாஸ் நான்கு குதிரைகளையும் அந்த வருட விளைச்சலையும் விற்று ஆயிரம் டாலர் திரட்டினார். இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு ஹாரிசன்பர்க் போனார். ஆள்சேர்ப்பு அதிகாரி, முன்பே முங்கியிருந்த ஐசக்கின் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.

"சின்னவன் எப்ப முங்கினான், பெரியவரே?"

ஜோனாஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஆகஸ்ட்டுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, எழுதிக்கிறேன். ஆத்துல எறங்கி நான் விசாரிக்கவா போறேன்?"

"அவன் இன்னும் முங்கல."

அதிகாரி நோட்டுக்கட்டைத் திருப்பித் தள்ளி, எங்கள் சபை ஆண்களின் வழக்கத்தைக் கேலி செய்தார். "மீசைய மழிச்சுட்டுத் தாடிய வளக்குற ஆளுங்க எல்லாருமே இப்படித்தானா?" அறையே சிரித்தது.

லேவி அப்பாவின் தோளைத் தொட்டான். "நானா இருந்தாலும் அதத்தான்பா சொல்லியிருப்பேன்." அங்கிருந்தே அவனைப் பட்டாளத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

மிஞ்சிய ஐந்நூறு டாலரை அடுத்த வாரம் நோவாவுக்காகக் கட்டினார் ஜோனாஸ். அதன்பின் ஒவ்வொரு அறுவடைக்கும் நோவா கூலி வாங்காமல் வந்து உழைத்தான். அவன் முகத்தைப் பார்த்துப் பேச ஜோனாஸால் கடைசிவரை முடியவில்லை.

குளிர்காலத்தில் காயத்தோடு ஊர் திரும்பிய ஒருவன், லேவியின் துப்பாக்கி எப்போதும் மரக்கிளைகளைத்தான் சுட்டது என்றான். பிப்ரவரியில் ஜோனாஸ் மகனுக்கு எழுதினார்: அன்று ஐவரில் முழுதாகப் பதில் சொன்னவன் நீ ஒருவன்தான், அதைக் கேட்கத் தெரியாதவன் நான்.

சான்சலர்ஸ்வில் சண்டையில் மே 3 அன்று லேவி இறந்தான். செய்தி மே 12 அன்று வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில், வடக்குப் படை பள்ளத்தாக்கின் களஞ்சியங்களை எரித்துக்கொண்டு வந்தது. ஜோனாஸின் வைக்கோலுக்குத் தீ வைக்க வந்த சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"எனக்கு இதுல இஷ்டமில்ல, தாத்தா. செய்யலன்னா என்னைய சும்மா விடமாட்டாங்க. பயமா இருக்கு."

"உள்ளதச் சொன்னியேப்பா," என்றார் ஜோனாஸ். களஞ்சியம் எரியும்போது அவனுக்குக் குடிக்க மோர் கொடுத்தார். ஹன்னா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லேவி இறந்த பிறகு ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை அவர் விசாரிக்கவில்லை. அதை மற்ற டீக்கன்கள் செய்தார்கள். முங்கி எழுந்து வருபவர்களுக்காக உலர்ந்த துணியோடு கரையில் நிற்பார், அவ்வளவுதான். 1879இல் இறக்கும்வரை அந்த வேலையை வேறு யாரிடமும் விடவில்லை.

லேவியின் கடைசிக் கடிதம் ஏப்ரல் 27 அன்று முகாமில் எழுதியது. "அப்பா, நம்ம ஆத்துத் தண்ணி இப்ப வெதுவெதுப்பா ஆகியிருக்குமே? அடுத்த மாசம் லீவு தர்றேன்னு சொல்லியிருக்காங்க. பயந்த பாதி இங்க வந்தப்புறம் போயிடுச்சு. மிச்சம் இருக்குறது அந்த இன்னொரு பாதி மட்டுந்தான். அது போதுமாப்பா?"

வந்து சேர்ந்தது 1863 மே 19.