பின்பெஞ்சு ஞானசிகாமணி

தாராவித் தோல் கிடங்குகளில் ஞானசிகாமணியின் பெயரைச் சொன்னால், கேட்டவன் முதலில் தன் தாடையைத் தடவிக்கொள்வான். மேஸ்திரி ஒருவனின் தாடையை ஒரே குத்தில் பெயர்த்த கை அது. ஆனால் சபையார் அவனைத் தள்ளி வைத்தது அடிதடிக்காக அல்ல, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததற்காக.

சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலுக்கு ஓய்வுநாள் தெரியுமா? ஒரு நாள் புரட்டாமல் விட்டால் அழுகிவிடும். ஆளுக்கொரு கம்போடு இரண்டு பேர் எதிரெதிரே நின்று புரட்ட வேண்டும். ஞானசிகாமணிக்கு எதிரே நின்றவன் முகைதீன். இருவரும் திருநெல்வேலிப் பக்கம்.

தகரக் கொட்டகைக் கோயிலின் போதகர் ஏசுவடியான் ஒரு சட்டப்புத்தகம் வைத்திருந்தார். சண்டை போட்டால் ஒரு மாதம் பின்பெஞ்சு, குடித்தால் மூன்று மாதம், ஓய்வுநாளில் உழைத்தால் அந்த உழைப்பை விடும்வரை. அப்படி ஞானசிகாமணி பதினோரு வருஷம் பின்பெஞ்சில் உட்கார்ந்தான். வேலை முடிந்து சுண்ணாம்பு நாற்றத்தோடு மாலை ஆராதனைக்கு ஓடி வருவான். இயேசுவின் நினைவாகக் கொடுக்கும் இராப்போஜன அப்பம் முன்வரிசைகளோடு நின்றுவிடும். எப்படியும் நரகம்தான் என்று அவன் வெகுநாளைக்கு முன்பே முடிவு கட்டிவிட்டான்.

1946 செப்டம்பரில் இந்து-முஸ்லிம் கலவரத்தில் பம்பாய் பற்றி எரிந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் அவன் தம்பியை இந்து என்று எண்ணி மாஹிம் ரோட்டில் குத்திப் போட்டார்கள். பிணத்தைப் பார்த்துத் திரும்பிய ஞானசிகாமணி அழவில்லை. தோலில் சதை சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தான். ஏற்கெனவே தள்ளுபடியான ஆளுக்கு இன்னொரு பாவம் என்ன பாரம்? இந்த நினைப்பைப் பிசாசு கொடுத்தது என்பார்கள். பின்பெஞ்சு கொடுத்தது என்பதுதான் உண்மை.

தாராவியை ஒட்டிய சதுப்பின் ஓரம் தொப்பி போட்ட ஒரு வயசாளி முட்டைக்கூடையோடு வந்தார். கத்தியைக் கண்டதும் கூடையைத்தான் முதலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஞானசிகாமணி கூடையோடு சேர்த்துக் குத்தினான். மஞ்சள் கருவும் ரத்தமும் முழங்கைவரை வழிந்தன. மூன்றாவது குத்தில் அவர் சாய்ந்தார். நாணலுக்குள் இழுத்துச் சேற்றில் அமுக்கினான். ஒரு முட்டை மட்டும் உடையாமல் உருண்டு போயிற்று. அதைப் பார்த்த பிறகுதான் அவன் திரும்பி நடந்தான்.

தொட்டியடிக்கு வந்தபோது முகைதீன் தனியே நின்றிருந்தான். ஞானசிகாமணி கத்தியை நீட்டினான்.

"உங்க ஆளு ஒருத்தரக் கொன்னுட்டேன் வே. என்னையும் குத்திரும்."

முகைதீன் கத்தியை வாங்கவில்லை. புரட்டுகிற கம்பை ஓங்கி அவன் வாயில் அடித்தான். இரண்டு பல் தெறித்தது. மறுபடி அடித்தான். ஞானசிகாமணி விழுந்து கிடந்தான். கத்தி சுண்ணாம்புக்குள் போயிற்று.

"உன்னக் குத்துனா எனக்கென்னலே கிடைக்கும்?" முகைதீனுக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஒங் கோயிலுக்குப் போ. தோல நான் ஒத்தையில பொரட்டுதேன். இனி எம் மூஞ்சியில முழிக்காத."

மறுநாள் பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஞானசிகாமணி காலை ஆராதனைக்குப் போனான். பின்பெஞ்சைத் தாண்டி நேரே முன்னால் நடந்தான். வாய் வீங்கியிருந்தது.

"ஐயா, நேத்து ஒரு மனுசனக் கொன்னுட்டேன்."

போதகர் பழக்கதோஷத்தில் சட்டப்புத்தகத்தை எடுத்துவிட்டார். புரட்டினார், மறுபடி புரட்டினார். கொலைக்கு எத்தனை மாதம் என்று அதில் இல்லை.

"அந்தப் பொஸ்தகத்துல நான் இல்லய்யா," என்றான் ஞானசிகாமணி. "எனக்கு வேற வழி உண்டுமா? அத மட்டும் சொல்லும்."

அதற்குள் சபை எழுந்துவிட்டது. நான்கு பேர் அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவன் பெஞ்சுப் பலகையைப் பிடுங்கி முதுகில் போட்டான். ஒரே உதறலில் நான்கு பேரையும் வீசியிருக்கக்கூடியவன், இரண்டு கைகளையும் தரையில் விரித்துக் கிடந்தான். வழி உண்டா என்ற கேள்வியை மட்டும் அவன் விடவில்லை.

போதகர் புத்தகத்தைக் கீழே போட்டார். அதை மிதித்துக்கொண்டே வந்து கூட்டத்தை விலக்கினார். அவர் கையில் இராப்போஜன அப்பம் இருந்தது.

"உண்டுலே. இது ஒருத்தனுக்கும் கூலி இல்ல. எனக்கும் இல்ல. பதினோரு வருசமா நான் கூலி மாதிரி கொடுத்துட்டேன். இயேசு உனக்காகவும் செத்தாருன்னு நம்புதியா?"

"நம்புதேன்."

பல் போன வாயில் அப்பத்தை வைத்தார். மெல்ல முடியவில்லை. ரத்தத்தோடு விழுங்கினான்.

"இனி நான் என்ன செய்யணும்?"

"இதுக்காவ ஒண்ணுமே வேண்டாம்டே."

ஒன்றும் கேட்காமல் அவனுக்கு ஒருவரும் ஒன்றும் கொடுத்ததில்லை. பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போலீஸ் சௌக்கிக்கு நடந்தான். அங்கே நடந்ததையெல்லாம் சொன்னான்.

இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வாரம் அத்தனை பிணம் விழுந்தும் தானாக வந்தவன் இவன் ஒருத்தன்தான். தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் கேட்டார்: "தூக்குல போடுவானுவடே. பயமில்லையா? பாவத்தத் தீர்க்க வந்தியா?"

"அது தீந்துபோச்சு ஏட்டையா," என்றான் ஞானசிகாமணி. "செத்தவுக பொஞ்சாதி, புள்ளைக தேடிட்டு இருக்கும். கெடக்க எடத்தக் காட்ட வந்தேன்."

திமிர் என்று எண்ணிக் கன்னத்தில் அறைந்தார் அவர். ஞானசிகாமணி விலங்குக்குக் கையை நீட்டிக்கொண்டு, சதுப்புப் பக்கம் முன்னால் நடந்தான்.