கிணற்றுச் சுவரில் ஏறிய கப்பல்

போன ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து மணமேல்குடிக்கு பஸ்ஸில் போனேன். மடியில் ஒரு கப்பல்.

பொம்மைக் கப்பல்தான். ஆனால் என் கை நீளம் இருக்கும். பாய்மரம் வேறு. அது முன் சீட்டுக்காரரின் பிடரியில் குத்திக்கொண்டே வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வயதை மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு பேசாமல் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

கண்டக்டருக்கு அவ்வளவு நாகரிகம் தெரியவில்லை.

"சார், இதுக்கு லக்கேஜ் போடுறதா, அரை டிக்கெட் போடுறதா?"

"சாமிக்குப் போகுதுப்பா" என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி சிவகாமி.

"அப்ப சாமிக்குப் பிரீ. ஆளுகளுக்கு மட்டும் கொடுங்க."

மணமேல்குடிக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு சின்ன அம்மன் கோயில். நம் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் தொட்டில் கட்டுவார்கள். மழை பெய்தால் ஐயனாருக்கு மண்குதிரை எடுப்பார்கள். கப்பல் வேண்டிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன்.

சிவகாமிக்கு இரண்டு அண்ணன்மார். பெரியவர் சபாபதி, கீழ ராஜ வீதிப் பக்கம் பலசரக்குக் கடை. சின்னவர் தண்டபாணி, பெனாங்கில் இருந்தார். அவர் ஊருக்குத் திரும்பி வந்த கப்பல் நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்டது. நாகப்பட்டினத்துக்கு வரவேண்டிய நாளில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தந்தியும் இல்லை. அப்போது பெரியவர் கடையைப் பூட்டிவிட்டு, தங்கையையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக் கோயில் கோயிலாக அலைந்தார். அப்படி ஒரு கோயிலில்தான் சிவகாமி வேண்டிக்கொண்டாள் - சின்னண்ணன் கரை சேர்ந்தால், இரண்டு அண்ணன்மார் கையாலும் மரக்கப்பல் செய்து வைக்கிறேன் என்று.

ஏன் கப்பல்? ஏன் இரண்டு பேர் கையாலும்? கேட்டிருக்கிறேன். "வாயில அதுதான் வந்துச்சு" என்பாள். வேண்டுதலுக்கு அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

சின்னவர் பத்திரமாக வந்து சேர்ந்தார். பெரியவர் துறைமுகத்தில் அவரைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நானே பார்த்தேன்.

அப்புறம் என்ன... பாகம் பிரித்தார்கள்.

பாகப்பிரிவினை என்பது விசித்திரமான விஷயம். புயலில் பிரியாதவர்கள் ஓர் அம்மிக்குழவியில் பிரிந்துவிடுகிறார்கள். அம்மி ஒருவருக்கும் குழவி ஒருவருக்கும் என்ற அளவுக்குப் போய், வீட்டின் நடுவே சுவர் எழும்பியது. கொல்லைக்குப் போனது. கிணற்றையும் விடவில்லை. கிணற்றின் குறுக்கே ஒரு கல்லைப் போட்டு அதன் மேலேயும் சுவர். இந்தப் பக்கம் ஓர் உருளை, அந்தப் பக்கம் ஓர் உருளை. அடியில் தண்ணீர் மட்டும் இன்னும் பாகம் ஆகாமல் கிடந்தது. கொல்லையில் சுவர் மார்பளவோடு நின்றுபோனது. மேலே உயர்த்துவது யார் என்பதில் தகராறு. கிணற்றைத் தாண்டி நாலடி போய், வேலி வரை போகாமலே ஓய்ந்துவிட்டது.

பேச்சும் ஓய்ந்துவிட்டது. வருஷக்கணக்காக.

சிவகாமி முதலில் இரண்டு வீட்டுக்கும் போய்வந்தாள். இங்கே காபி குடித்தால் அங்கே முகம் சுருங்கும். அங்கே உட்கார்ந்தால் இங்கே "நேரமாச்சாக்கும்" என்பார்கள். ஒரு தீபாவளியோடு நிறுத்திவிட்டாள்.

"வேண்டுதலை முடிக்கிற வரைக்கும் ரெண்டு வாசல்லயும் கால் வைக்க மாட்டேன்" என்றாள். பிறகு, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, ரொம்பச் சாதாரணமாக ஒன்று சொன்னாள்: "எனக்கு அண்ணன் வீடு ரெண்டு இருக்குங்க. பொறந்த வீடுதான் இல்ல."

ஆண்கள் இந்த மாதிரி வாக்கியங்களுக்குப் பதில் சொல்லக் கூடாது. ஏதாவது செய்ய வேண்டும். நான் செய்தேன். திருச்சியிலிருந்து ஒரு தகரக் கப்பல் வாங்கி வந்தேன். சாவி கொடுத்தால் ஓடும்.

"அம்மன்தான் சாவி கொடுக்கணுமா?" என்றாள்.

சரி, மரக்கப்பல்தான் என்று ஆயிற்று. ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் இதுபற்றி எப்போதோ படித்திருக்கிறேன். படித்தவன் என்ற முறையில் மேற்பார்வை என்னுடையது. தச்சரிடம் சொல்லி எலும்புக்கூடு மட்டும் செய்து வாங்கினேன். அடியில் முதுகெலும்பு மாதிரி ஒரு நீளக் கட்டை. அதன் மேல் விலா எலும்புகளாகக் குறுக்குச் சட்டங்கள். பெரியவர் கடைப் பெட்டிகளின் பலகையை இழைத்து, விரல் அகலத்தில் மெல்லிய பட்டைகள். அந்தப் பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, விலா எலும்புகள் மேல் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வந்தால் கப்பலின் உடம்பு ரெடி. கேட்க எவ்வளவு சுலபம்!

மைத்துனர்கள் இருவரும் சம்மதித்தார்கள். தங்கை மேல் இருவருக்கும் உயிர். ஆனால் ஒரு நிபந்தனை.

"இடது பக்கம் என்னோடது. அவன் பக்கத்த நான் தொட மாட்டேன், மாப்பிள்ளை" என்றார் பெரியவர்.

"வலது பக்கம் நான் பாத்துக்கிறேன். அவர் பக்கம் எனக்கெதுக்கு?" என்றார் சின்னவர்.

ஆக, கப்பலுக்கும் பாகப்பிரிவினை. அதில் வழக்கு வேறு - இடது என்றால் கப்பலில் நிற்பவனுக்கு இடதா, கரையில் நிற்பவனுக்கு இடதா? நான் ஒரு பக்கம் சுண்ணாம்பில் புள்ளி வைத்துத் தீர்ப்புச் சொன்னேன்.

முதலில் சின்னவர் வீட்டுக்குக் கொண்டு போனேன். அவர் சுறுசுறுப்பானவர். கொஞ்ச நாளில் தன் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை முழுக்க அடைத்துவிட்டார். நெருக்கமாக, நேர்த்தியாக, ஒரு குண்டூசி நுழையாது. சந்தோஷமாக எடுத்துக்கொண்டு அடுத்த வாசல் ஏறினேன். பெரியவர் அதை மேஜையில் வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

கப்பல் வளைந்திருந்தது. பூவன்பழம் மாதிரி.

"பாத்தீங்களா. எல்லாத்தையும் அவன் பக்கமே இழுத்துக்கிட்டான். அவன் கொணம் அது."

சின்னவரிடம் ஓடினேன். "அவர் பக்கம் ஒண்ணுமே செய்யாம வச்சிருந்தா வளையாம என்ன பண்ணும்? அவர் என்னைக்குச் செஞ்சிருக்கார்?"

இதில் கஷ்டம் என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதும் சரி.

கோணல் கப்பலை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சிவகாமி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் விஞ்ஞானரீதியாக ஒரு விளக்கம் ஆரம்பித்தேன். ஈரம், இழுவிசை என்று.

"சும்மா இருங்க. பந்தலுக்கு ஒரு பக்கக் கயித்த மட்டும் இழுத்துக் கட்டினா கால் சாயாதா? இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணுன்னு மாத்தி மாத்தியில்ல கட்டணும்."

அந்தப் பத்திரிகையிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் படங்களை மட்டும் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஒட்டியதை வெந்நீர் ஊற்றிப் பிரித்தோம். கட்டை மெல்ல நிமிர்ந்தது. புது ஏற்பாடு: பெரியவர் ஒரு பட்டை, சின்னவர் ஒரு பட்டை. நான் கப்பலைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலில் இறங்கி அந்த வாசலில் ஏறுவேன். ஒட்டிக் காய்ந்ததும் அந்த வாசலில் இறங்கி இந்த வாசல். வீதியே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுத் தையல்காரருக்கு மெஷின் ஓடவில்லை.

"என்ன சார், மறுபடியும் நங்கூரம் எடுத்தாச்சா?"

முதல் நாள் சிரித்தேன். அடுத்த நாள் பல்லைக் கடித்தேன். அதற்கடுத்த நாள் படியில் கால் பிசகிவிட்டது. நொண்டிக்கொண்டே கொல்லைக்குப் போய், கப்பலை மார்பளவுச் சுவர் மேல் குப்புறக் கவிழ்த்து, முன்னும் பின்னும் செங்கல் முட்டுக் கொடுத்து வைத்தேன். கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி. ஒரு விலா பெரியவர் கொல்லையைப் பார்த்தது. மறு விலா சின்னவர் கொல்லையை.

"அவங்கவங்க பக்கம் அவங்கவங்க நின்னு ஒட்டிக்குங்க. எனக்குக் கால் வலிக்குது."

மேற்பார்வையாளரின் வாழ்க்கையில் இது ஒன்றுதான் உருப்படியான உத்தரவு.

இருவரும் காலையில் குளிக்க வரும்போது வேலை நடக்கும். பேச்சு கிடையாது. பெரியவர் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். சின்னவர் அது காய்ந்ததைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தன் பட்டையை ஒட்டுவார். சின்னவருக்குத் தச்சர் பயன்படுத்தும் வஜ்ரப் பசை. பெரியவர் சுத்த சைவம். தோலில் காய்ச்சிய வஜ்ரத்தைத் தொட மாட்டார். அவருக்குப் புளியங்கொட்டைப் பசை. கப்பல் ஒரு பக்கம் அசைவம், ஒரு பக்கம் சைவமாக வளர்ந்தது. ஆனால் நேராக வளர்ந்தது.

சிவகாமி தினம் கேட்பாள். "பேசினாங்களா?"

"பட்டை ஒட்டினாங்க."

"பேசினாங்களான்னு கேட்டேன்."

கப்பலின் முகப்பில்தான் பட்டைகள் மிக அதிகமாக வளைய வேண்டும். ஒரு காலை, நான் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பெரியவர் ஒரு முரட்டுப் பட்டையைப் பலம் கொண்ட மட்டும் அழுத்தி, பசை பிடிக்கிற வரை நிற்கட்டும் என்று ஒரு சின்ன ஆணி அடிக்கிறார். அந்தப் பக்கம் சின்னவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார். வாளி பாதிக் கிணற்றில். செங்கல் நழுவியது. கப்பல் அந்தப் பக்கம் சரிந்தது.

"டேய் தண்டபாணி, புடி."

சின்னவர் கயிற்றைக் கைவிட்டார். கப்பலைப் பிடித்தார். வாளி கயிற்றோடு உள்ளே போய் விழுந்த சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

கப்பல் இரண்டு பேர் கையிலும் இருந்தது. விட்டால் பட்டை தெறித்துவிடும். ஆகவே இருவரும் விடவில்லை.

"வாளி போச்சேடா" என்றார் பெரியவர், பட்டையைப் பார்த்துக்கொண்டே.

"போகட்டும்ண்ணே. பாதாளக் கரண்டி போட்டு எடுத்துக்கலாம்."

"பாதாளக் கரண்டி ஒன் பங்குக்குத்தான வந்துச்சு."

"எம் பங்குக்குத்தான் வந்துச்சு. ஆனா வாளி ஒங்க பக்கமால்ல விழுந்திருக்கு."

பெரியவர் எட்டிப் பார்த்தார். கிணற்றுக்குள் எது யார் பக்கம்? அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினார். அடக்கியது இருமலாக வந்தது. நான் காலைத் தேய்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அன்று சிவகாமியிடம் சொன்னேன். "வாளியைப் பத்திப் பேசினாங்க." அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

உடம்பு முடிந்தது. இனி மேல்தளம். கப்பலைச் சுவரிலிருந்து இறக்கி, சுவர் முடிகிற இடத்தில் தரையில் நிமிர்த்தி வைத்தோம். மேல்தளத்துப் பட்டைகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும். முதல் பட்டை முன்முனையிலிருந்து பின்முனை வரை நட்டநடுவே ஓடும். இருவரும் அதைப் பார்த்தார்கள். பாதி இங்கே, பாதி அங்கே.

"மாப்பிள்ளை, நடுப்பலகை யாரோடது?" என்றார் பெரியவர்.

நான் படித்த எந்தப் பத்திரிகையிலும் இதற்கு விடை இல்லை. பாகப்பத்திரம் எழுதுகிறவரிடம் கேட்டால் நெடுக்கே அறுக்கச் சொல்வார்.

சின்னவர் பட்டையைக் கையில் வைத்து உருட்டினார். "செவகாமியக் கேட்டா..."

"கேக்குறதென்னடா" என்றார் பெரியவர். "அது அவளோடதுதான்."

ஓடி வந்து சொன்னேன். கால் வலி நினைவில்லை. சிவகாமி நிமிரவில்லை. "எந்த வாசல் வழியா வரச் சொன்னாங்க?"

இதை நான் யோசிக்கவே இல்லை. ஓர் அண்ணன் வாசலில் முதலில் ஏறினால் மறு அண்ணன் வாசல் இரண்டாவதாகிவிடுமே. ஒரு வாளி கொடுத்து வாங்கிய சமாதானம் அதைத் தாங்குமா?

மறுநாள் போனோம். இரண்டு வாசலிலும் கோலம். பொங்கலுக்குக்கூட அவ்வளவு பெரிசாகப் போட்டதில்லை. இரண்டு வாசலிலும் அண்ணிமார் செம்பில் தண்ணீரோடு நிற்கிறார்கள். சிவகாமி இருவரையும் பார்த்துச் சிரித்தாள். "கொல்லை வழியா வாரேன் மதினி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சந்தில் திரும்பி, வேலிப் படலைத் தள்ளி, சுவர் முடிகிற இடத்தில் போய் நின்றாள். அங்கே சுவர் இல்லை. ஓர் அண்ணன் இந்தப் பக்கம், ஓர் அண்ணன் அந்தப் பக்கம்.

புளியங்கொட்டைப் பசையில் கொஞ்சம் எடுத்தாள். வஜ்ரத்தில் கொஞ்சம். பெரியவர் ஆகாயத்தைப் பார்த்தார். நடுப்பலகையை வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

"இது காயுற வரைக்கும் கைய எடுக்கக் கூடாதுல்ல?"

"எடுக்கக் கூடாது" என்றார் சின்னவர்.

"எவ்வளவு நேரமாகும்ண்ணே?"

"அது... சாயங்காலமாயிரும்."

ஒரு காபி குடிக்கிற நேரத்தில் வஜ்ரம் பிடித்துவிடும். எனக்குத் தெரியும். பெரியவருக்கும் இதற்குள் தெரியும்.

"மழை ஈரம் வேற இருக்கு" என்றார் பெரியவர். "பொழுது சாயட்டும்."

சிவகாமிக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கையை எடுக்கவில்லை. அண்ணிமார் அங்கேயே மணை போட்டார்கள். ஒருத்தி சோறு கொண்டுவந்தாள், ஒருத்தி குழம்பு. ஒரு கையால் கப்பலை அழுத்திக்கொண்டு, மறு கையால் சாப்பிட்டாள். நான் இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் சாப்பிட வேண்டியிருந்தது. சமாதானத்துக்காக என் வயிறு செய்த தியாகம் எந்தச் சரித்திரத்திலும் ஏறாது.

போன ஞாயிறு கப்பல் கோயில் சேர்ந்தது. பஸ்ஸில் எங்களுக்குப் பின் சீட்டில் இரண்டு மைத்துனர்களும் உட்கார்ந்து, பாய்மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மணமேல்குடி வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். சிவகாமி கண்ணை மூடி அதைக் கச்சேரி மாதிரி கேட்டுக்கொண்டு வந்தாள்.

சுவரை இடித்துவிட்டார்களா என்று கேட்பீர்கள். அதெப்படி? சுவர் இருக்கிறது.

இந்த வீட்டுக் குழம்பை அந்த வீட்டுக்கு எடுத்து வைக்க மார்பளவில் ஓர் இடம் வேண்டாமா?