கடைசித் தட்டு

இதைப் பேய்க் கதை என்று யாராவது சொன்னால் நீலாவதி எழுந்து போய்விடுவாள். அதனால் நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. அவளுக்கு நடந்ததை, அவள் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். கண், காது, மூக்கு எதுவும் ஒட்டவைக்கவில்லை. அவள் வேலூரில் இயற்பியல் ஆசிரியை. தலையில் பல்லி விழுந்தால் தட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிற ஆள். பேய் என்று பேச்செடுத்தால், "அதோட எடை எவ்ளோ?" என்று கேட்கிற ரகம். அப்படிப்பட்டவள் சொன்னதால்தான் என்னால் இதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

ஜவ்வாது மலையில் ஆண்கள் மட்டும் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்தப் பள்ளிக்கு ஒரு பழக்கம் உண்டு. சேருகிற ஒவ்வொரு பையனும் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்று கொண்டுவர வேண்டும். படித்து முடித்துப் போகும்போது தட்டைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அவன் பின்னாளில் பேர் வாங்கினால் அவனுடைய படம் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஏறும். படத்துக்குக் கீழே பலகையில் அவன் தட்டு நிற்கும். நீதிபதி, விளையாட்டு வீரர், விஞ்ஞானி என்று அந்தச் சுவரில் நாற்பது முகங்களாவது இருக்கும்.

ஆண்டுக்கு ஒரு நாள் அவர்கள் எல்லோரும் வந்து, தரையில் பந்தியில் உட்கார்ந்து, அவரவர் தட்டில் சாப்பிடுவார்கள். வர முடியாதவர் தட்டில் அவர் வீட்டு ஆள் சாப்பிடலாம். ஆனால் கடைசித் தட்டில் கை வைக்கும்வரை யாரும் முதல் கவளம் எடுக்கக் கூடாது. நீதிபதியானாலும் சரி, அவருக்கும் அதே சட்டம்தான். இறந்தவரின் தட்டு பந்திக்கு வராது. அதைப் பலகையிலேயே கவிழ்த்து, படத்துக்கு மாலை போட்டுவிடுவார்கள்.

அந்த ஆண்டு புதிதாகச் சுவரில் ஏற வேண்டிய படம் நீலாவதியின் கணவருடையது. டாக்டர் இளவழகன். இருதய அறுவைச் சிகிச்சையில் பேர் போனவர்.

ஆனால் அவரைக் காணவில்லை.

விழா ஏற்பாட்டைப் பேச அவர் ஒரு மாலையில் போளூர் வழியாகத் தனியாகக் காரில் மலையேறினார். மறுநாள் ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் மட்டும் நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. செல்போன் இருக்கையில் கிடந்தது. போலீஸ் தேடியது. வனத்துறை தேடியது. டிரோன்கூடப் பறக்கவிட்டார்கள். பன்னிரண்டு நாளாகியும் ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அந்தப் பன்னிரண்டாம் நாளில்தான் விழா. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக நீலாவதி அங்கே போனாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உடம்பு முழுதும் மரத்துக் கிடந்தது. யாரோ கையைப் பிடித்தார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள். எல்லாம் வேறொருத்திக்கு நடப்பது போலிருந்தது.

பழைய மாணவர் சங்கத் தலைவர் தனசேகரன், ஓய்வுபெற்ற நீதிபதி. கையில் ஒரு பொட்டலத்துடன் வந்தார். பூ வாசனை அடித்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. படத்தத் தெறக்கணும். மாலை... போட்றதா, வேணாமா?"

அவ்வளவுதான் கேள்வி. அவர் இருக்கிறாரா, இல்லையா? பன்னிரண்டு நாளாக யாரும் அவளிடம் நேராகக் கேட்காதது.

"வேணாங்க" என்றாள்.

"அப்ப தட்டு பந்திக்கு வந்துரும். நீதாம்மா அதுல சாப்புடணும்."

"சரிங்க."

வெளியே பகல் ஒரு மணி. ஆனால் மலை முழுக்க மேகம் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே மரம்கூடத் தெரியவில்லை. மின்சாரமும் போய்விட்டது. நீளக் கூடம். இரண்டு வரிசை. கடைசியில் இளவழகனின் தட்டு. நீலாவதி அதன் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு வலப்பக்கம் கண்ணாயிரம், ஒரு காலத்தில் நாட்டுக்காகக் கபடி ஆடியவர். இளவழகனோடு ஒரே அறையில் இருந்தவர். இடப்பக்கம் சுவர்தான்.

சமையல்காரர் சின்னக்குழந்தை தண்ணீர் வைத்துக்கொண்டே வந்தார். நீலாவதிக்கு முன்னால் ஒரு டம்ளர் வைத்தார். பக்கத்திலேயே இன்னொன்றும் வைத்தார்.

"இது யாருக்குங்க?"

"தண்ணி கேட்டாங்களேம்மா."

"யாரு?"

அவர் அவளுக்கும் கண்ணாயிரத்துக்கும் நடுவே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

இருட்டில் தடுமாறுகிறார் என்று நினைத்தாள்.

அப்போது கண்ணாயிரம், தன் தட்டைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்தார்.

"ஏங்க நகர்றீங்க?"

"நீங்கதான அண்ணி தள்ளி உக்காரச் சொன்னீங்க? தோள் இடிக்குதுன்னு."

அவள் வாயே திறக்கவில்லை.

சாமைச் சோறு வந்தது. அந்த மலையில் விளையும் சாமை. அதன்மேல் புளிக்குழம்பு. ஆவி எழுந்தது. எல்லாத் தட்டும் நிறைந்தன. கடைசியாக அவள் தட்டும் நிறைந்தது.

கூடம் அமைதியானது.

எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை வைத்தால்தான் அவர்களுக்குச் சோறு.

அவளால் முடியவில்லை. கை மடியிலிருந்து எழவே இல்லை. அவர் தட்டில் அவள் சாப்பிட்டுவிட்டால், அவர் இனி வரமாட்டார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. படித்த புத்திக்கு அது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் தோன்றியது.

கண்ணை மூடினாள்.

சர்ர்...

தட்டில் விரல் உரசும் சத்தம். மிக அருகில்.

சர்ர்... சர்ர்...

சோறு பிசைகிற சத்தம்.

கண்ணைத் திறந்தாள். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவள் தட்டில் சோற்றின் நடுவே குழி. குழியில் குழம்பு. ஒரு பக்கம் குறைந்திருந்தது.

தன் கையைப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது. சுத்தமாக இருந்தது.

"கண்ணாயிரம்... இந்தத் தட்டுல யாரு கை வெச்சது?"

"இன்னா அண்ணி, நீங்கதான்..." என்று வாயில் சோற்றோடு திரும்பினார். அவள் கையைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

தட்டின் விளிம்பில் கறிவேப்பிலை.

ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு இன்னொன்று. தையல் போட்ட மாதிரி வரிசையாக. திருமணமான நாளிலிருந்து அவள் திட்டிக்கொண்டிருந்த பழக்கம். கறிவேப்பிலையைப் பொறுக்கி விளிம்பில் அடுக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவள் கத்தவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கும்போது ஒன்றும் நடக்கவில்லை.

ஜன்னலைப் பார்த்தாள். திரும்பினாள். சோறு குறைந்திருந்தது.

தூணைப் பார்த்தாள். திரும்பினாள்.

தட்டு காலி.

பக்கத்திலிருந்த இன்னொரு டம்ளரும் காலி.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை என்கிறாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக நெஞ்சில் ஏதோ சூடாக இருந்ததாம். சாப்பிடுகிறார். அப்படியென்றால் இருக்கிறார். எங்கேயோ இருக்கிறார். எவ்வளவு பசியோ பாவம், ஒரு பருக்கை விடவில்லையே...

"இன்னொரு கரண்டி போடுங்க" என்றாள்.

சின்னக்குழந்தை போட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். வேண்டுமென்றே வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தச் சோறு அப்படியே இருந்தது. ஆவி அடங்கியது. ஆறியது.

பந்தி எழுந்தது. அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். அவளும் கழுவினாள். ஈரத்தோடு பலகையில் நிமிர்த்தி வைத்தாள். மாலை இல்லாத படத்தில் இளவழகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே தனசேகரன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வளைவுக்குக் கீழே சரிவில், உண்ணிச்செடிப் புதருக்குள் இளவழகனின் உடல் கிடைத்திருக்கிறது. ஏழெட்டுத் தடவை தேடிய அதே புதர். ஆடு மேய்க்கிறவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்ததாம். அதுவரை அந்த வழியில் அந்தக் கையைப் பார்த்தவர் யாருமில்லை.

பிரேதப் பரிசோதனை செய்தவர் அருண்ராஜ். இளவழகனிடம் தொழில் பழகிய இளம் டாக்டர். அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மேடம், சாரு அன்னிக்கி ராத்திரியே போய்ட்டாரு. தலையில அடி. வலிச்சிருக்காது."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான். அதுல சந்தேகமே இல்ல. உடம்பு பன்னெண்டு நாள் ஆன உடம்பு. ஆனா..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வலது கை மட்டும் அப்படி இல்ல மேடம். நேத்து வரைக்கும் வேல செஞ்ச கை மாதிரி இருக்கு. விரல்ல சோறு ஒட்டிக்கினு இருக்கு. சாமைச் சோறு. காயவே இல்ல. புளிக்குழம்பு வாசனகூட அப்படியே இருக்கு. அறிக்கையில இத இன்னான்னு எழுதுறதுன்னு எனக்குத் தெரியல. சாரு கடைசியா எங்க சாப்ட்டாரு?"

நீலாவதி எழுந்தாள்.

"கையக் கழுவிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல மேடம்."

"சோப்பு குடுங்க."

சாப்பிட்டதும் கை கழுவாமல் அவர் எழுந்ததே இல்லை. அறுவைக்குப் போவதற்கு முன் அவர் கழுவுகிற மாதிரி, விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு, முழங்கை வரைக்கும் அவளே தேய்த்துக் கழுவினாள். தண்ணீரில் சாமைப் பருக்கைகள் மிதந்து போயின. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கழுவி முடிக்கும்வரை அந்தக் கை சூடாக இருந்ததாம். துண்டால் துடைத்த பிறகுதான் குளிர்ந்தது.