கேஸ் வண்டிக்குப் புகை இல்லை

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்காவுக்குத் தலை வலிக்காது. மற்ற நாட்களில் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து கசார்வாடியில் இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே நெற்றியில் தைலம் மினுங்கும். பச்சை மூடி போட்ட அந்தக் குட்டி பாட்டில் டிபன் பையிலேயே கிடக்கும். "வேலைக்குப் போனா தலைவலி, லீவுன்னா சரியாப் போயிடுது. உனக்கு வந்திருக்கிறது சோம்பேறித்தனம்டி" என்று அம்மா கிண்டல் செய்வாள். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். பாவி, சிரிக்கத்தான் தெரிந்தது அவளுக்கு.

அவள் பிஸ்கட் கோடவுன் ஒன்றில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாள். முதுகில் சிலிண்டரைப் படுக்கவைத்துக்கொண்டு எல்.பி.ஜி.யில் ஓடுகிற வண்டி. வேலை கிடைத்தபோது, பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று சித்தி முகத்தைச் சுளித்தாள். "ஸ்டியரிங்குக்கு ஆம்பள பொம்பளன்னு தெரியுமா சித்தி?" என்று கேட்டுவிட்டு மறுநாளே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்த கோடவுனுக்குள் டீசல் வண்டியை விடமாட்டார்கள். கறுப்புப் புகை வரும், பெட்டிகளில் நாற்றம் ஏறும். கேஸ் வண்டி சுத்தம் என்று எல்லோரும் நம்பினார்கள். வீட்டு அடுப்பில் எரிகிற அதே கேஸ்தானே, அது என்ன செய்துவிடும்? பாரம் தூக்க இழுவை போதவில்லை என்று யாராவது சொன்னால், மெக்கானிக் வந்து கேஸைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டுப் போவார். வண்டி துள்ளிக்கொண்டு தூக்கும். கூட்டிவைத்த கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளியே வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பிழைப்பே அதுதான். கசார்வாடியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் இதே மாதிரி ஃபோர்க்லிஃப்டுகளுக்கு இன்ஜின் பொருத்துகிறோம். அமெரிக்காவுக்குப் போகிற வண்டி என்றால் அங்கே இதற்கென்றே சட்டம் இருக்கிறது. புகைக்குழாயில் விஷத்தை மாற்றிவிடுகிற கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும், கேஸும் காற்றும் சரியாகக் கலக்கிறதா என்று பார்க்க சென்சார் வேண்டும். சோதனையில் ஒரு புள்ளி கூடினாலும் வண்டி திரும்பி வரும். உள்ளூர் ஆர்டருக்கு ஒன்றும் வேண்டாம். யாரும் கேட்பதில்லை. அக்காவின் ஸ்கூட்டிக்கு பி.யு.சி. என்கிற புகைச் சான்றிதழ் தேதி தாண்டினால் சிக்னலில் மடக்கி அபராதம் போடுவார்கள். நாலு சுவருக்குள் நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்கு நம்பர் பிளேட்டே இல்லை, அதை யார் மடக்குவது? நல்ல நியாயம்!

அது ஆடி வெள்ளி. அக்காவுக்கு வரன் தகையட்டும் என்று அம்மாதான் விரதம் இருக்கச் சொல்லியிருந்தாள். இந்த மராட்டிய ஊரில் உபவாசம் என்றால் ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடி சாப்பிடலாம். எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றும் வரை பச்சைத் தண்ணீர்தான். அன்று சரியான மழை. அட்டைப்பெட்டிகள் நனையக் கூடாதென்று ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள். சாரலை உள்ளே இழுக்கிறது என்று எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தினார்கள். மத்தியானம் அக்கா வண்டியை நிறுத்திவிட்டு, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்திருக்கிறாள். கூட வேலை செய்த பெண்கள் பதறிப்போய் ஓடிவந்து, உபவாச மயக்கம் என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, அட்டையை விரித்து அவளைப் படுக்கவைத்திருக்கிறார்கள். வெளியே தூக்கிப்போனால் நனைந்துவிடுவாளே என்று உள்ளேயே, சாரல் படாத மூலையாகப் பார்த்து. ஒருத்தி தன் துப்பட்டாவைப் போர்த்திவிட்டாளாம். நல்ல மனசு, யாரை நான் திட்டுவது? லாரி காத்திருந்ததால் இன்னொரு ஃபோர்க்லிஃப்ட் ஓடிக்கொண்டே இருந்தது. மற்றவர்களும் வாந்தி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள். அதற்குள் அக்கா போய்விட்டாள்.

ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்று டாக்டர் சொன்னார். சூப்பர்வைசர் நம்பவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கேஸ் காடி ஹை பாய், துவா கிதர் ஹை?" என்று அழுதார். கேஸ் வண்டியாயிற்றே, புகை எங்கே வந்தது என்று கேட்கிறார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அம்மாவும் நம்பவில்லை. அவள் கணக்கில் மகளைக் கொன்றது விரதம், அதாவது அவள். ஆடி பிறந்தாலே வீட்டில் சோறு இறங்காது. "ஒரு வாய் தின்னுட்டுப் போயிருந்தா எம்பொண்ணு இருந்திருப்பா" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அவள் மனசை விட்டு அந்த எண்ணத்தை எடுத்துவிட வேண்டும் என்று நானும் எத்தனையோ முறை பேசிப் பார்த்துவிட்டேன். போன வாரம் மறுபடியும் உட்காரவைத்து, இன்ஜின், கேஸ், விஷம், கன்வெர்ட்டர், வெளிநாட்டுச் சட்டம் என்று பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னேன். முதல் முறையாகக் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப விரதத்தால இல்லையா?"

"இல்லம்மா. சாப்பிட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

"அந்தப் பொட்டி இருந்திருந்தா?"

"சரியா வேலை செஞ்சிருந்தா, அவ இருந்திருப்பாம்மா."

"வெளிநாட்டு வண்டிக்கு மட்டும் அதை மாட்டி அனுப்புறாங்களே, அங்க ஓட்டுறவளோட உசுருக்காக. அதை யாருடா மாட்டுறது?"

"நான்தாம்மா" என்றேன்.