கீர்த்தனி பார்க்கப் போன மீன்

படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, வலது கையை முழங்கைவரை கடலுக்குள் விட்டிருந்தார் கீர்த்தனி. அதுவரை ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்த வாய் மூடிவிட்டது. படகோட்டி பஸ்லான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இது அவர்கள் இருவருக்கும் அன்றாட வழக்கம். பஸ்லானுக்கு இவர் தங்கச்சி; இவருக்குப் பஸ்லான், அண்ணன் முறையில், நானா.

“என்ன தங்கச்சி, சூடா?”

“இல்லை நானா, குளிருது. கீழ்த்தண்ணி மேல வந்திருக்கு. இண்டைக்கு வந்தாலும் வரும்.”

வரக்கூடியது சூரியமீன். வாலே இல்லாத, தட்டையான, கதவளவு மீன். ஆழத்தில் திரிந்துவிட்டு, உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைச் சின்ன மீன்கள் கொத்தி எடுக்கட்டும் என்று எப்போதாவது பாறைகளுக்கு ஏறி வரும். திருகோணமலைத் துறைமுக வாசலுக்கு வெளியே கடல் சடாரென்று ஆழமாகிற இடங்களில், குளிர்நீர் மேலேறும் நாளில் வரலாம் என்பது கீர்த்தனியின் கணக்கு. எங்கே போனால் கட்டாயம் காணலாம் என்று கேட்கும் விருந்தினருக்கு அவர் வைத்திருக்கும் பதில்: “அது என்ர மாமா வீடோ, போனா ஆள் நிக்க?”

பக்கத்துச் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவர், வயது முப்பது தாண்டிவிட்டது. காற்றுச் சிலிண்டர் கட்டிச் சுழியோட வருகிறவர்களைக் கடலடிக்குக் கூட்டிப்போவது தொழில். தரையில் பொறுமை மருந்துக்கும் கிடையாது. தேநீரை ஆறவிடமாட்டார், நாக்கைச் சுட்டுக்கொண்டு கடைக்காரரைத் திட்டுவார். அடுத்தவர் சொல்லும் கதையின் முடிவைத் தானே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு மீனுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார் என்றபோது, அவரோடு சுழியோட வந்திருந்த நான் நம்பவில்லை.

எல்லாம் தகப்பன் இராசதுரையால் வந்த வினை. ஒருமுறை வலைக்குப் போனவர், அந்த மீன் ஒருக்களித்து மிதப்பதைக் கண்டு, பாவம் சீக்காக்கும் என்று துடுப்பால் நிமிர்த்திவிட்டாராம். அது மறுபடி சாய்ந்தது. அவர் மறுபடி நிமிர்த்தினார்.

“வெயில் காயப் படுத்த மீனின்ர நித்திரையைக் குழப்பிப்போட்டு, உயிர் குடுத்தனான் எண்டு அப்பா இண்டைக்கும் கதைச்சுக்கொண்டு திரியிறார்,” என்று சிரித்தார் கீர்த்தனி. பிறகு குரல் இறங்கியது. “எண்டாலும் அவர் கண்டிட்டார். நாள் முழுக்கக் கடலுக்குள்ள கிடக்கிற நான் ஒருநாளும் காணேல்லை. ஒருக்காக் கண்டாப் போதும்.”

அன்று இறங்குமுன் எனக்கும், கொழும்பிலிருந்து வந்திருந்த நிருபன் என்ற இன்னொரு விருந்தினருக்கும் அவர் சொன்னது இவ்வளவுதான்: “பாறையைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. துரத்தினா ஓடிரும். காத்துக் குறைஞ்சா உடன எனக்குக் காட்டுங்கோ. பயம் வந்தா என்ர கண்ணைப் பாருங்கோ, வேற ஒண்டையும் பாக்கவேண்டாம்.”

கீழே, பாறையைப் பிடித்து நின்ற எங்களைப் பார்த்தபடி கீர்த்தனி மிதந்தார். அவருக்குப் பின்னால், கரு நீலத்திலிருந்து ஒன்று எழுந்து வந்தது. முதலில் வெளிறிய சுவர் ஒன்று தெரிந்தது. பிறகு கண். பிறகு எதற்கோ வியந்து திறந்த சின்ன வாய். குட்டி மீன்கள் அதன் விலாவை மொய்த்தன. நான் சந்தோசத்தில் கையை நீட்டிக் காட்டினேன். அதே நொடியில் நிருபன் தன் காற்றுமானியைக் காட்டினார். பரபரப்பில் மூச்சை அள்ளி இழுத்திருக்கிறார்; முள் சிவப்பில் நின்றது. கால்கள் உதறத் தொடங்கின. அந்தப் பயத்தோடு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும்.

கீர்த்தனி அவருடைய தோள்பட்டியைப் பிடித்தார். தன் சிலிண்டரின் இரண்டாவது குழாயை அவர் வாயில் கொடுத்தார். நான் பின்னால், பின்னால் என்று காட்டிக்கொண்டே இருந்தேன். கீர்த்தனிக்கு விளங்கிவிட்டது, ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். ஆனால் திரும்பவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணோடு கண் வைத்தபடி நிருபனை மெல்ல மேலே ஏற்றினார். நானும் கூடவே ஏறினேன்.

மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, உடம்பு பழகுவதற்காகத் தரிக்க வேண்டிய இடத்தில் தரித்தோம். நிருபனின் மூச்சு சீரானது. அப்போதுதான் கீர்த்தனி குனிந்து பார்த்தார். கீழே வெறும் நீலம். என் பக்கம் திரும்பி, எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு ஒரு கையை நீட்டினார். போதாது என்று தலையாட்டினேன். விரல் நுனிவரை எட்டி, இன்னும் நீட்டினார். மற்றக் கை நிருபனின் தோள்பட்டியை விடவில்லை.