புலிக்கு ஓர் உளுந்து

விக்கிரமசிங்கபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு ஒரு தை மாதத்தில் புலி வந்தது. சரியாகச் சொன்னால் சிறுத்தை. அதைப் பார்த்தவர் யாருமில்லை. காணாமல் போன இரண்டு நாய்கள்தாம் சாட்சி. அம்மாவுக்கு அது போதும்.

அதுவரை நான் பள்ளிக்குக் கால்வாய்க்கரை வழியாக நடந்து போவேன். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழைத்தோட்டம், அதற்கப்பால் மலை. அம்மா அந்த வழியை ரத்து செய்தாள். இனி அப்பா என்னைச் சைக்கிளில் மெயின்ரோடு வழியாகக் கொண்டுபோய் விட வேண்டும். நூல் மில்லில் சங்கு ஊதும் நேரம் அது. வேலை முடிந்து வருகிறவர்களும் போகிறவர்களும் சைக்கிள்களில் நெருக்கியடிக்க, நடுவே பஸ்கள் நுழையும். அந்தச் சாலையே பாதுகாப்பானது என்று தீர்ப்பாயிற்று.

மேல்முறையீடு செய்தவர் மாமா மட்டும். அம்மாவின் தம்பி, பாளையங்கோட்டையில் கணிதம் படித்துவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டபடி வேலைக்குக் காத்திருந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகில் ஒரு கறுப்பு உளுந்தைப் போட்டுக் கலந்தார்.

“ஏட்டி, இதுதான் புலி. கண்ண மூடிட்டு ஒரு பிடி அள்ளு.”

நான் அள்ளினேன். வெறும் அரிசிதான் வந்தது. பிறகு கை நிறைய உளுந்தை அள்ளிப் போட்டார். “இது ரோடு. இப்ப அள்ளு.”

பிடி முழுக்க உளுந்து.

“புலி இதுவரைக்கும் மனுசன தொட்டிருக்கா? ரோட்டுல நம்ம தெருக்காரங்க மட்டும் எத்தன பேரு கைகால முறிச்சிருக்காங்க? அத்தானுக்கும் ஒருநா ஆவும்க்கா. கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“ஏலே, வெளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு பேசுத? அரிசியில கொட்டுனத நீயே பொறுக்கு.”

மாமா பொறுக்கினார்.

அந்த வாரமே ஆயிற்று. மலைச்சரிவில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தபடியே அப்பா சைக்கிளை மிதித்தார். எதிரே வந்த பஸ் ஒதுங்கியது, அப்பா ஒதுங்கவில்லை; பஸ்ஸின் பின்பகுதி சைக்கிளை இடித்துத் தள்ளியது. சைக்கிள் பாரில் உட்கார்ந்திருந்த எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அப்பாவுக்குக் கால் முறிந்தது. மில்லில் நாள் முழுதும் மிஷின் முன்னால் நின்றே செய்யும் வேலை அவருக்கு.

ஆஸ்பத்திரியில் அம்மா பஸ் டிரைவரைத் திட்டவில்லை. புலியையும் திட்டவில்லை.

“கரிநாக்குப் பயலே, நீ சொன்ன மாரியே ஆயிட்டுல்லா. இப்ப திருப்தியா?”

மாமா டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போனார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாமா சொன்னது தப்பென்றால் அப்பாவின் கால் ஏன் முறிந்தது? சரியென்றால் திட்டு எதற்கு? சொன்னதால்தான் நடந்ததென்றால், புலிக்கும் ஓர் உளுந்து போட்டாரே, அது எப்போது வரும்?

சைக்கிள் நசுங்கிவிட்டதால் நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகக் கால்வாய்க்கரையிலேயே நடந்தோம். புலி வரவில்லை. அம்மா அய்யனாருக்கு நன்றி சொன்னாள்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர் மாமாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவரை வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டேன்.

“மாமா, அப்பா பழையபடி மிஷின்ல நிப்பாங்களா? எத்தன உளுந்து?”

அவர் என்னைப் பார்த்தார்; வராந்தாவில் தூக்குவாளியோடு நின்ற அம்மாவைப் பார்த்தார்.

“நிப்பாங்கட்டி. எல்லாம் சரியாயிரும்.”

உளுந்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இனி பயமில்லை என்று அம்மாவிடம் சொல்ல ஓடினேன். எதற்கும் கணக்குச் சொல்கிறவர் கணக்கில்லாமல் பதில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது.