ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து

செபஸ்தியான் அண்ணனிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "எந்த வேலையைக் கேட்கிறீங்க?" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும். எனக்கு எரிச்சலாக வரும். தில்லை நகரில் நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவர் மருந்துக் கவுண்ட்டரில், நான் அதை ஒட்டிய பில் கவுண்ட்டரில். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். ஆறு வருஷமாக அவர் பேசிய போன் அத்தனையும் என் காதிலும் விழுந்தது.

காலை எட்டு மணியிலிருந்து நாலு வரைக்கும் அவர் மருந்தாளுநர். சாயங்காலம் கல்யாண ரிசப்ஷன், வளைகாப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் மைக் பிடித்துப் பேசும் மேடைத் தொகுப்பாளர். நடுவே கிடைக்கிற நேரத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். விசிட்டிங் கார்டில் மூன்று வேலையும் மூன்று நிறத்தில் இருக்கும். கார்டில் இல்லாத நாலாவது ஒன்றும் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் வீரமலை என்பவர் ஒரு மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். அவருக்கு வியாபாரம் தெரியும், மருந்துப் படிப்பு கிடையாது. படித்துப் பதிவு செய்த ஒருவர் கடையில் இருந்தால்தான் மருந்து விற்கலாம் என்பது சட்டம். அந்த ஒருவர், செபஸ்தியான் அண்ணன். அதாவது அவருடைய சர்டிபிகேட். கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். ஆள் தில்லை நகரில், பேர் ஸ்ரீரங்கத்தில். எங்கள் ஆஸ்பத்திரி லைசென்ஸ் வேறொரு சீனியர் பேரில் இருந்ததால் இது யாருக்கும் இடிக்கவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியமா? பில் போட்டுக்கொண்டே வாட்ஸ்அப்பில் புடவை விற்கிறவள்தான் நானும். "இர்பானா கலெக்‌ஷன்ஸ்" என்று குரூப்புக்குப் பேர்கூட வைத்திருக்கிறேன். எங்கள் வார்டு நர்ஸ் ஒருத்தி மணப்பாறை முறுக்குக்கு ஆர்டர் எடுக்கிறாள். என் தங்கை வீட்டு எதிரே குடியிருக்கும் காலேஜ் வாத்தியார் விடிந்ததும் பைக் டாக்ஸி ஓட்டிவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு பாடம் எடுக்கப் போகிறார். இப்போது ஒரே ஒரு வேலை பார்க்கிறவனைக் கண்டால், பாவம், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று கேட்கிற காலம்.

அண்ணனுக்கும் முதலில் வீட்டுத் தேவைதான். பாலக்கரையில் வாடகை வீடு, கட்டிக்கொடுக்க வேண்டிய இரண்டு தங்கைகள். தங்கைகள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை. ஒரு சாயங்காலம் சும்மா இருந்தால்கூட தன்னை யாரோ மறந்துவிட்டது போல ஆகிவிடுவார். அவர் மனைவி ஃபெமினா அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பார், "எங்க வீட்டுக்காரர பாக்கணும்னா ஏதாச்சும் கல்யாணத்துக்குத்தான் போகணும் இர்பானா" என்று. சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். அவர் நல்ல மருந்தாளுநர். மாத்திரையைக் கொடுத்துவிட்டு உடனே அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டார். "எப்படிச் சாப்பிடுவீங்க, நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்பார். ஒன்றும் தெரியாத கிழவிகூட அவரிடம் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் நகரும். ஸ்ரீரங்கத்துக் கடைக்கும் ஆரம்பத்தில் தினம் சாயங்காலம் போய் இதே மாதிரிதான் மருந்து கொடுத்தார். மேடை நிகழ்ச்சிகள் கூடக்கூட, தினம் என்பது வாரம் மூன்று நாளாகி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆகிவிட்டது. பாலக்கரை சர்ச்சில் பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டிப் போவார். வாரம் முழுக்க விற்ற மருந்தின் பில்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார். அதற்கும் நேரம் போதவில்லை. வீரமலை ஒரு வழி சொன்னார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் புதுப் பில் புத்தகத்தை விரித்துவைத்து, வரப்போகிற வாரத்துக்கான வெற்று பில்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது என்று என்னிடமே சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்.

போன ஐப்பசியில் ஊரெல்லாம் டெங்கு. எங்கள் ஆஸ்பத்திரியில் வராந்தாவில்கூட கட்டில் போட்டிருந்தோம். அந்தக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து சந்திரம்மாள் என்று ஓர் அம்மாவைக் கொண்டு வந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது, அங்கன்வாடியில் சமையல் வேலை. காய்ச்சல், வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை, கையில் ஊசி போட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. ரத்தத்தில் எல்லா அணுக்களும் குறைந்துகொண்டே போயின. டெங்கு டெஸ்ட்டில் ஒன்றும் வரவில்லை. டியூட்டி டாக்டர் கனிஷ்காவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அந்த அம்மா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மகளிடம் கேட்டார். மகள் ஜோதி பள்ளிக்கூட டீச்சர். "மூட்டு வலிக்கு ஏதோ மாத்திரை, டாக்டர்" என்றாள். வீட்டுக்குப் போய் எடுத்து வாருங்கள் என்று அனுப்பினார் டாக்டர்.

மறுநாள் மதியம் மூன்றரை மணிக்கு ஜோதி ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். டாக்டர் கனிஷ்கா அவசர கேஸ் ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ்தான், "பார்மசியில காட்டி என்ன மருந்துன்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று அவளைக் கவுண்ட்டருக்கு அனுப்பியிருக்கிறாள். செபஸ்தியான் அண்ணன் பையைப் பிரித்தார். டாக்டர் சீட்டு, மாத்திரை அட்டை, காகிதக் கவர், பில். அது மூட்டுவாதத்துக்கான மாத்திரை. வாரத்துக்கு ஒன்று, ஒன்றே ஒன்றுதான் போட வேண்டும். சீட்டில் டாக்டர் அப்படித்தான் இங்கிலீஷில் எழுதியிருந்தார். கவரில் ஸ்கெட்ச் பேனாவால், வீரமலையின் கொட்டை எழுத்தில், "காலை 1" என்று இருந்தது. பன்னிரண்டு வாரத்துக்கு எழுதிய பன்னிரண்டு மாத்திரையில் பதினொன்று தீர்ந்திருந்தது. பதினொரு நாளில்.

பில்லின் அடியில் அண்ணனுடைய கையெழுத்து.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் வெளிறியதை மட்டும் பார்த்தேன். "பையை வச்சிட்டுப் போங்கம்மா, நான் டாக்டர்ட்ட பேசிக்கறேன்" என்றார். அவளும் நம்பிப் போய்விட்டாள். அவர் பையை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"என்னண்ணே, என்ன மாத்திரை அது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல இர்பானா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

நானும் விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் புதுப் புடவைகள் வந்திருந்தன, படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் மேல் இருக்கிற ஆத்திரத்தில் பாதி என் மேலும் இருக்கிறது.

தினமும் போட்டால் அந்த மாத்திரை விஷம், ரத்த அணுக்களையே அழித்துவிடும். அதற்கு முறிவு மருந்து உண்டு. எங்கள் பார்மசியில் அவர் நிற்கிற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் ஃபிரிட்ஜில் இருந்தது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். சொன்னால் டாக்டர் பில்லைக் கேட்பார், பில்லில் பேர் இருக்கிறது, பதிவு போகும், வேலை போகும், கேஸ் வரும், இன்சூரன்ஸ் எடுக்க ஒருத்தனும் நம்ப மாட்டான், மேடையில் ஏற்ற மாட்டார்கள். நாலு மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு நேரே ஸ்ரீரங்கம் போயிருக்கிறார். வீரமலையின் சட்டையைப் பிடித்திருக்கிறார். வீரமலை கும்பிட்டுக்கொண்டே, "டெங்கு சீசன்ண்ணே, யாருக்கும் தெரியாது. அந்தப் பைய மட்டும் தூக்கிப் போட்டுருங்க" என்றிருக்கிறார். இதையெல்லாம் பிறகு அண்ணனே என்னிடம் சொன்னதுதான். "மாத்திரை என்கிட்டதானே இருக்கு, இனிமே அந்தம்மா சாப்பிட மாட்டாங்கல்ல, ஒரு ராத்திரி தாங்கிரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்" என்றார்.

அங்கிருந்து கே.கே. நகரில் ஒரு ரிசப்ஷனுக்குப் போனார். ஒத்துக்கொண்ட நிகழ்ச்சி. இரண்டு மணி நேரம் மைக் பிடித்து மாப்பிள்ளையைக் கலாய்த்து, கூட்டத்தையே சிரிக்க வைத்திருக்கிறார். அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். நான் அதற்கு ஹார்ட் போட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து டாக்டர் கனிஷ்காவின் அறை வாசலில் பையோடு நின்றிருக்கிறார். ஃபெமினா அக்காதான் அனுப்பினார். விடிகாலையில் எழுந்து உட்கார்ந்திருந்தவரை உலுக்கிக் கேட்டு, விஷயம் தெரிந்ததும், "போய்ச் சொல்லிட்டு வாங்க, இல்லன்னா இந்த வீட்டுக்கு வராதீங்க" என்றிருக்கிறார்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மூணரைக்கு, மேடம்."

டாக்டர் வார்டுக்கு ஓடினார். பத்து நிமிஷத்தில் முறிவு மருந்து ஏறியது. அதற்குள் அந்த அம்மாவுக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது. இரண்டு நாள் போராடினார்கள். மூன்றாம் நாள் காலையில் சந்திரம்மாள் போய்விட்டார். முதல் நாளே மருந்து போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். "பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது இர்பானா. பிழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது" என்றார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அண்ணன் அதற்குள் தன் கையாலேயே எல்லாவற்றையும் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டார். கடையை இப்போது பூட்டி சீல் வைத்திருக்கிறார்கள். வீரமலை ஜாமீனில் இருக்கிறார். அண்ணனின் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. மேடைக்கும் யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் போகமாட்டார் என்று நினைக்கிறேன். பாலக்கரை பக்கம் போனால் வீட்டு வாசலில் சும்மா நிற்கிறார்.

ஆனால் அந்த மூன்றாம் நாள் நிர்வாகம் இன்னும் முடிவெடுக்காததால் அண்ணன் கவுண்ட்டரில்தான் இருந்தார், ஜோதிக்கும் எதுவும் தெரியாது. மாமன்கள் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏற்றாமல் மீந்துபோன மருந்துகளைத் திருப்பிக் கொடுக்க அவள் கவுண்ட்டருக்கு வந்தாள். கண் வற்றிப்போயிருந்தது. மருந்தை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நீங்க ஒருத்தர்தான் சார் கண்டுபிடிச்சுச் சொன்னீங்க. டாக்டர் சொன்னாங்க. அம்மாவுக்கு விதி அவ்வளவுதான். உங்கள மறக்க மாட்டேன் சார்."

 அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். அவர் கதவைத் திறந்து வெளியே வந்து, அவள் எதிரே நின்று சொன்னார். கடையில் தொங்கும் சர்டிபிகேட், ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து, டிராயரில் வைத்துப் பூட்டிய பை, ரிசப்ஷன், எல்லாம். ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் கூப்பிய கையை எப்போது இறக்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கேட்டாள். "எங்க அம்மா மாத்திரை வாங்கினப்ப, அந்தக் கடையில நீங்க இருந்திருந்தா, வாரத்துக்கு ஒண்ணுன்னு சொல்லியிருப்பீங்களா?"

"சத்தியமா சொல்லியிருப்பேம்மா. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் அனுப்பியிருப்பேன்."

ஜோதி மருந்துக் கவுண்ட்டரைக் காட்டினாள்.

"இங்க இருந்தீங்களே சார்" என்றாள்.